இரண்டாம் வரிசையில் ஓர் இடம்

பள்ளிகளில் சாய்தளம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது அப்போது என் வேலை. சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். சரிவு, அகலம், கைப்பிடி, கழிப்பறைக் கதவு. நான்கும் சரியென்றால் கையெழுத்து.

திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில், டேப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தேன். உள்ளே நான்காம் வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. ஒரு பெயருக்கு மட்டும் வகுப்பு முழுவதும் சேர்ந்து, "உள்ளேன் டீச்சர்" என்றது.

எட்டிப் பார்த்தேன். தரையில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் இரண்டாம் வரிசையில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி. கடற்காற்று கொண்டுவந்த மணல் அந்த இடத்தில் மட்டும் கலையாமல் படிந்திருந்தது.

"கால் வராத பிள்ளை மேடம், வீட்ல இருக்கு" என்றார் ஆசிரியை. "பேரை அடிச்சுட்டா பொறவு சேக்க மாட்டாக. அதான் இதுகளையே சொல்லப் பழக்கி வச்சிருக்கேன். அதிகாரி வந்தாலும் பதில் வந்துரும்ல."

அந்த வீடு அடுத்த தெருவில்தான்; போனேன். "பேரையாச்சும் வச்சிருக்காகளே, அல்லாஹ் அவுகளை நல்லா வைக்கட்டும்" என்றார் அந்தப் பிள்ளையின் அம்மா.

சக்கர நாற்காலியில் இருந்த மகள் சிரிக்கவில்லை. "பேரு தெனமும் போகுது. நாந்தான் போகல. காத்து இந்தப் பக்கம் அடிச்சா, அதுக சொல்றது இங்கன கேக்கும்."

பதினெட்டு வயது வரை, அவளுக்குத் தோதான பள்ளியில் இலவசமாகப் படிக்கச் சட்டம் உரிமை தருகிறது என்று இருவருக்கும் சொன்னேன். பள்ளிக்குத் திரும்பி, சாய்தளத்தில் கைப்பிடி இல்லாததைக் காட்டி, அதை வைத்து அவளே ஏறி வந்த பிறகுதான் கையெழுத்து என்றேன். ஆசிரியை மறுக்கவில்லை.

கைப்பிடி வைத்ததும் ஒரு திங்கட்கிழமை வந்தாள். கைப்பிடியைப் பற்றித் தானே நாற்காலியை மேலே இழுத்தாள். தரையில் இறங்கி, கைகளை ஊன்றி இரண்டாம் வரிசைக்கு நகர்ந்தாள். பக்கத்துச் சிறுமி கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கன ஆளு இருக்கு."

"யாரு?"

அந்தச் சிறுமி வந்தவளின் பெயரையே சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"ஏய், இவதாண்டி அவ! தள்ளி உக்காரு" என்று ஆசிரியை அதட்டினார். பிள்ளைகள் கால்களை மடக்கிக்கொண்டார்கள், யாரோ எழுந்து போக வழி விடுவது போல. அதன் பிறகே அவள் மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பதிவு தொடங்கியது. அவள் பெயர் வந்ததும் வகுப்பு பழக்கத்தில் ஒரே குரலாக, "உள்ளேன் டீச்சர்" என்றது. அவள் திறந்த வாயை மூடினாள்.

"டீச்சர், இன்னொருக்க கூப்பிடுங்க. நா சொல்லல."

ஆசிரியை மறுபடி வாசித்தார். இம்முறை சத்தமே இல்லை. அவள் மட்டும் சொன்னாள். மெல்லிய, உறுதியான குரல்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

"அப்ப மத்தவ எங்கனடி போவா?"