எல்லா மூட்டுக்கும் ஒரே காத்தா?

தைப்பூசத்துக்கு முந்திய வாரம். காலையில் என் மகள் தர்ஷினியின் கையிலிருந்து மைலோ குவளை நழுவி விழுந்தது.

“ப்பா, நான் எழுந்துட்டேன். விரல்தான் இன்னும் தூங்குது,” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வயது. செங் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பொடிப்பொடி மின்னணுப் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை. விரல் இல்லாமல் அவளுக்கு என்ன இருக்கிறது?

எதிர்வீட்டு லெட்சுமி அக்கா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “மூட்டுல காத்துலா தம்பி அது! நாள் முழுக்க ஏர்கோன்ல உக்காந்தா வராதா? ஜாசின்ல எண்ணெய் போட்டு உருவிவிடுற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. பூசம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

பூசம்வரை விரல்கள் காத்திருக்கவில்லை. கணுக்கள் வீங்கிக் கொதித்தன. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார்: “ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம். இப்பவே மருந்து தொடங்கினா விரல் கோணாமப் பாத்துக்கலாம். தள்ளிப்போடாதீங்க. குடும்பத்தில வேற யாருக்கும் மூட்டு நோய் இருக்கா?”

“யாருக்கும் இல்லை டாக்டர். என் அத்தைக்குக் காத்து மட்டும்தான்…”

“ப்பா,” என்றாள் தர்ஷினி, “அது எந்தக் காத்துன்னுதான் கேக்குறாங்க.”

அத்தையின் கைகள் நினைவுக்கு வந்தன. விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஓடும் தண்ணீரில் நிற்கும் புல்லைப் போல.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். முழங்கால் தேய்மானம்தான் ரொம்ப சாதாரணம். யூரிக் அமிலம் சேர்ந்து கால் கட்டைவிரல் வீங்கும் கவுட் பெரும்பாலும் ஆண்களுக்கு. முடக்குவாதம் அவ்வளவு பரவலில்லை. வந்தால் பெண்களுக்கே அதிகம். வெயில் பட்டால் தோல் சிவந்து மூட்டும் வலிக்கும் லூப்பஸ் அதைவிட அரிது.

மறுநாள் விடிகாலை, தூக்கம் வராமல், புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி நடந்தேன். பனிமூட்டம். வீடுகள் மிதப்பதுபோல் இருந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு மூட்டு மெல்ல முனகி எழுவதாகத் தோன்றியது. லெட்சுமி அக்காவின் முழங்கால்… மூலைவீட்டு அண்ணன், விருந்துக்கு மறுநாள் செருப்பில் நுழையாத அவர் கட்டைவிரல்… கடைசி வீட்டில், வெயில் பட்டால் முகம் சிவந்து, மூட்டும் வலித்து, வெளியே வராத அந்தப் பெண்… எல்லாருக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே ஒன்று. காத்து! பெயரே பிரிக்காதபோது, எது எத்தனை பேருக்கு என்று எப்படித் தெரியும்?

ஜாசின் பயணத்தை ரத்து செய்தோம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பெரிய டாக்டர் குடும்பம்லா!” என்று எங்கள் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குத்தினார். தர்ஷினி மாத்திரையை விழுங்கினாள். மருந்து உடனே கேட்காது, வாரக்கணக்காகும் என்றார்கள். அதுவரை ஒவ்வொரு காலையும் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை… கையைத்தான் பார்க்கிறேன்.

இன்று காலை குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கொஞ்சம் ஆடியது. விழவில்லை.

அப்போதுதான் கேட்டில் அக்கா. முழங்காலைத் தடவியபடி, என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்: “ஏம்மா… அப்போ எனக்கு எந்தக் காத்து?”

“அடுத்த தடவை ஆஸ்பத்திரி போறப்ப நீங்களும் கார்ல ஏறுங்க, ஆன்ட்டி. கேட்டுருவோம்.”

எங்கள் தாமானில் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. இதுவரை… இரண்டு பேர்.