போனில் சொன்ன பதில்

டாக்டர் சித்ரலேகாவின் கட்டுரையை ஒரே வருடத்தில் அறுபத்தொரு ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருந்தன. எண்டோஸ்கோப்பி வழியாகவே ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய் அகற்றப்பட்ட எண்பத்துநான்கு பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை என்றது அது. அதை நம்பித்தான் அவள் அடுத்த வாரம் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்குப் போகவிருந்தாள்.

அந்த எண்பத்துநான்கில் ஒருவரான மணிமுத்தாறு கொம்பையா இன்று சோறு இறங்காமல் வந்து படுத்திருந்தார். எண்டோஸ்கோப்பித் திரையில் கட்டி மறுபடி தெரிந்தது.

சித்ரலேகா அவர் மனைவி சுடலைவடிவைத் தனியே அழைத்தாள். "வயிறு வலிக்குன்னு எப்பத்துல இருந்து சொல்லுதாவ?"

"ரெண்டு கோயில் கொடை கழிஞ்சிட்டு."

அப்படியென்றால் இரண்டு வருடம். கட்டுரை வெளிவந்தது போன வருடம்தான்.

"போன் போட்டப்பல்லாம் நல்லா இருக்காவன்னுதான சொன்னிய?"

"பொறவு என்னத்தச் சொல்ல? அவிய பக்கத்துலல்லா இருந்தாவ! வலின்னு சொன்னா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவிய, அவியளுக்கு விசயம் தெரிஞ்சிரும். வெறும் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். கேன்சர்னு தெரிஞ்சா அன்னைக்கே பாதி உசுரு போயிரும்லா டாக்டரம்மா."

கட்டுரைக்காக, நேரில் வராத முப்பத்தொரு பேரின் வீட்டாரைப் போனில்தான் சித்ரலேகா விசாரித்திருந்தாள். அவர்களில் எத்தனை பேரின் பக்கத்தில் நோயாளி உட்கார்ந்திருந்தார்?

அறைக்குள் திரும்பியதும் கொம்பையா கேட்டார்: "புண்ணு ஆறிட்டா டாக்டரம்மா?"

கதவோரம் நின்ற சுடலைவடிவு சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். இன்றைய பொழுது எல்லோருக்கும் கழிந்துவிடும்.

"ஆறல அண்ணாச்சி" என்றாள் சித்ரலேகா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அது வெறும் புண்ணும் இல்ல."

அவரிடம் பேசி முடித்துவிட்டு, கட்டுரையின் முடிவு தவறு என்று அதை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நேர்காணலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.