ஒரே கார்டில் எட்டுப் பேர்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடைக்கு, பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் போன வருடம் வேலைக்கு வந்தான். பெங்களூரில் பெரிய சர்வர்களைப் பார்த்தவன். முதலாளி அவனை 'சார்' என்பார். பதினெட்டு வருடமாக இருக்கும் என்னை 'யோவ்' என்பார். சர்வர் வேலை முழுவதையும் இருவரில் ஒருவரிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அது போனால் பிரிண்டருக்கு இங்க் ஊற்றுவதுதான் எனக்கு மிச்சம்.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு ஆல்பம் ஸ்டுடியோ. அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நாலு மெய்நிகர் கம்ப்யூட்டர்களை அவன் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு கோர், அதாவது வேலை செய்யும் எட்டு மூளை, கொடுத்திருந்தான். கல்யாணப் படங்கள் திரையில் நகரவே இல்லை. மெமரியை ஏற்றினான், விண்டோஸை மறுபடி போட்டான். அப்படியேதான் இருந்தது.

முதல் நாளே அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். அவன் அமைப்பில் சாக்கெட், அதாவது சிப் உட்காரும் இடம், எட்டு; ஒவ்வொன்றிலும் கோர் ஒன்று. மெய்நிகர் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக சிப் கிடையாது. ஆன் ஆகும்போது, விண்டோஸுக்கு முன்னால் எழும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் ஒரு அட்டவணையை நீட்டும்: இத்தனை சிப், ஒவ்வொன்றிலும் இத்தனை கோர் என்று. விண்டோஸ் அதை நம்பும். எட்டும் தனித்தனி சிப் என்று எழுதியிருந்தது. அங்கே போட்டிருந்த விண்டோஸ் இரண்டு சிப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளாது; மீதி ஆறும் சும்மா கிடந்தன. நானும் ஒருமுறை இதில் மாட்டியவன். பெங்களூரில் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸிலேயே வளர்ந்தவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. வாயைத் திறக்கவில்லை. மனசு குளுகுளுவென்று இருந்தது.

இரண்டாம் நாள் அவனே கேட்டான்.

"ஒனக்கு எதுனா தோணுதாடா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? நீங்கதான் பெரிய எடத்துல இருந்தவரு."

"எனக்கே 'ங்க' போடுறியா? கணக்குப் பரிச்சையில என் பேப்பரப் பாத்து எழுதுனவன்தான நீ."

"நீதான்டா என்னுதப் பாத்த" என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

ஸ்டுடியோக்காரர், "யாரு யாருத பாத்தா இன்னா, எம்படம் நவுரல" என்றார்.

அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ரேஷன் கார்டு மாதிரிடா. எட்டுப் பேர எட்டு கார்டா எழுதி வச்சிக்கிற. விண்டோஸ் ரெண்டு கார்டுக்குத்தான் அரிசி போடும். ஒரே கார்டுல எட்டுப் பேரா எழுது."

சாக்கெட் ஒன்று, கோர் எட்டு என்று மாற்றினான். படம் ஓடியது. அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டான்.

"ரெண்டு நாளா முட்டிக்கினு இருந்தேங்க. இவன் பாத்த ஒடனே சொல்லிட்டான். சர்வர் வேலைய இவனாண்டயே குடுத்துடுங்க."

பார்த்த உடனே அல்ல. நான் அதைத் திருத்தவில்லை.

சர்வர் அறைச் சாவி இப்போது என் பையில் இருக்கிறது. முதலாளி இன்னும் அவனைத்தான் 'சார்' என்கிறார். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் போனைப் போட்டிருக்க மாட்டேன். அவன் போட்டுவிட்டான். அதை நினைத்தாலும் வயிறு எரிகிறது.