ரியூப் சட்டை போட்ட ரோச் லைற்

அப்பா சந்தேகப்படாத பொருள் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்ததாக எனக்கு நினைவில்லை. சவர்க்காரத்தைக் கடையிலேயே முகர்ந்து பார்ப்பார். மண்ணெண்ணெயில் ஒரு துளியைத் தாளில் விட்டு, அது காய்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பிறந்தபோது என்னையும் தட்டிப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அம்மா பகிடியாகச் சொல்வார்.

அப்படிப்பட்டவர் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஒரு சீன ரோச் லைற் வாங்கி வந்தார். பூட்டிக் கிடந்த பாதை திறந்த பிறகு முள்ளியவளைக்கு வராத சாமான் இல்லை. அதற்கு முன் பற்றரி கண்ணில் காணக் கிடைக்காது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் ஊரில் ரேடியோ கேட்டார்களாம். இந்த ரோச் லைற்றுக்குள் பழைய குமிழ் இல்லை. தலைக்குள் சோற்றுப் பருக்கை அளவில் சின்னச் சின்ன எல்.ஈ.டி. லைற்றுகள் இருந்தன. பொத்தானை அமத்தினால் பால் மாதிரி வெள்ளை வெளிச்சம் வரும்.

விற்றவர் நானா; முஸ்லிம் ஆண்களை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். நீராவிப்பிட்டிக்காரர். முன்னொரு காலத்தில் முஸ்லிம் சனம் எல்லாரையும் போகச் சொன்னபோது ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் இருந்து, இப்போது தனியாகத் திரும்பிச் சந்தையடியில் தகரக் கொட்டில் போட்டுக் கடை வைத்திருந்தார். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் புத்தளத்தில்தான். சனம் பழையபடி முகம் கொடுத்தால், கடையும் நின்று பிடித்தால், அவர்களையும் கூட்டிவருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

வாங்கிய அன்றே அப்பா பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி, ரோச் லைற்றுக்குத் தலையிலிருந்து வால்வரை இறுக்கமாகச் சட்டை மாட்டினார். கண்ணாடிக்கு முன்னாலும் ரப்பரை மடித்துவிட்டு ஒரு கீற்றை மட்டும் திறந்து வைத்தார். வெளிச்சம் நிலத்தில் ஒரு கோடாக விழுந்தது. இவ்வளவு பிரகாசமான சாமானை வாங்கி அதன் முகத்தை ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். வழுக்காது, மழையும் போகாது என்றார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். பழைய ரோச் லைற்றுகளுக்கும் இதே சட்டைதான் இருந்தது.

ஒரு பின்னேரம், பொழுது படுகிற நேரத்தில், அப்பா வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனார். மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் ரோச் லைற்றை எரிய விட்டுக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது சுட்டது. பிறகு ரப்பர் மணம் வந்தது. எங்கள் ஊர் மனிதருக்கு, காரணம் தெரியாமல் ஒரு சாமான் சூடாகிறது என்றால் ஒரே ஒரு எண்ணம்தான் வரும். அப்பா அதை வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டு வரம்பில் குப்புறப் படுத்துவிட்டார்.

வெடிக்கவில்லை. விடியும்வரை தள்ளியிருந்து பார்த்துவிட்டு ஒரு நீளத் தடியால் அதைக் கரைக்குத் தள்ளி எடுத்து, ஒற்றைக் கையைத் தூக்கியபடியே வீட்டுக்கு வந்தார். கமக்கட்டு சிவந்திருந்தது. முற்றத்தில் வைத்து அமத்திப் பார்த்தார். எரிந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“தண்ணிக்குள்ள கிடந்தும் எரியுதெண்டால் இதுக்குள்ள என்னமோ இருக்கு” என்றார்.

பிறகு விசாரணை தொடங்கியது. முதலில் பற்றரிகளைச் சந்தேகித்து வேறு பற்றரி போட்டார். சுட்டது. வாலில் இருந்த சுருள் கம்பியைச் சந்தேகித்து அதை உப்புத்தாளால் தேய்த்தார். சுட்டது. ஒரு பற்றரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்புத் துண்டொன்றை வைத்தார். எரியவில்லை, ஆகவே சுடவுமில்லை. அதை ஒரு வெற்றியாக அவர் சொன்னபோது அம்மா சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போய்விட்டார். கடைசியில் சந்தேகம் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது நானாவின் கடை.

“அந்தாள் என்னத்தைக் கொண்டுவந்து விக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்று அப்பா வேலிக்கு மேலால் கேட்டார். மற்றவர்களும் தங்கள் ரோச் லைற்றுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். அவையும் சுட்டன. அதற்குப் பிறகு கதைக்குக் கால் முளைத்தது. சிலர் அவற்றை மண்ணுக்குள் புதைத்தார்கள். அப்பா எங்களுடையதை ஒரு பானை மணலுக்குள் வைத்து முருங்கைக்குக் கீழே விட்டார். நானாவின் கடைக்கு முன்னால் சனம் மறுபக்கமாகப் பார்த்துக்கொண்டு சைக்கிள் மிதித்தது.

அம்மா மட்டும் சீனி வாங்க அங்கே போனார். நானும் கூடப் போனேன். நானா தட்டில் இருந்த சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“போகப் போறன், தங்கச்சி. ஒருக்கால் என்னைப் போகச் சொன்ன ஊர். இன்னொருக்கால் வாய் திறந்து சொல்லும் மட்டும் இருக்க ஏலாது” என்றார்.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு மாமியிடம் அவருடைய ரோச் லைற்றை இரவல் கேட்டார். மாமியும் நானாவிடம்தான் வாங்கியிருந்தார். வீட்டில் சைக்கிள் இல்லாததால் அவருடையதற்குச் சட்டை இல்லை. பொழுது சாய அம்மா எங்களுடையதை மணல் பானையிலிருந்து எடுத்து, குசினிக்குள் இரண்டையும் பக்கத்தில் வைத்து எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் புட்டு அவித்தார். ஒவ்வொரு நீத்துப்பெட்டி இறக்கும்போதும் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். எங்களுடையது கொதித்தது. மாமியுடையது இளஞ்சூடுதான். பிறகு எங்களுடையதன் சட்டையை உரித்து, ஆறவிட்டுத் திரும்பவும் எரித்தார். அதுவும் இளஞ்சூட்டோடு நின்றது.

“கம்பளியால போர்த்து மூடினால் ஆருக்கும்தான் வேர்க்கும்” என்று ரப்பரை அப்பாவின் மடியில் போட்டார். “நாளைக்கு அந்த மனிசனைக் கூப்பிட்டுக் கதையுங்கோ.”

அப்பா அதைத் திரும்பவும் ரோச் லைற்றுக்கு மாட்டினார். புட்டையும் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டார்.

மறுநாள் அம்மா என்னை அனுப்பி நானாவை அழைப்பித்தார். அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். அம்மா நடந்ததைச் சொல்லி இரண்டு ரோச் லைற்றையும் காட்டினார். நானாவின் முகம் மலர்ந்தது.

“அவ்வளவுதானே, அண்ணை! உதின்ரை சூடு வெளியால போறது அந்தத் தகர உடம்பாலதான். ரியூப்பைக் கழட்டிப் போட்டுப் பாவியுங்கோ.”

“ஊருக்கு நானே சொல்லுறன், நானா. பிழை என்ரை. ஆனால் இதைக் கழட்டேலாது” என்றார் அப்பா.

“ஏன் ஏலாது?”

அப்பா ரோச் லைற்றின் முகத்தில் இருந்த ரப்பர் மடிப்பை விரலால் தடவினார். பிறகு தலையைக் கொஞ்சம் தூக்கி வானத்தைப் பார்த்தார். நானாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு காகம்கூட இல்லை.

“இப்பதான் சமாதானமெல்லே, அண்ணை” என்றார் நானா, குரலைத் தணித்து.

“ஓம். அப்ப நீங்கள் ஏன் இன்னும் மனிசி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரேல்லை?”

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் குடித்தார்கள். பிறகு அப்பா கத்தியை எடுத்து ரப்பரை வெட்டினார். உடம்பை மூடிய பகுதியை எறிந்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இன்னொரு துண்டிலும் அதே மாதிரி ஒரு வளையம் வெட்டி நானாவிடம் நீட்டினார். தான் விற்கும் வெளிச்சத்தை மூடுகிற ரப்பரை நானா இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினார்.

அப்பா சொன்னபடியே செய்தார். சட்டை இல்லாத மாமியின் ரோச் லைற்றைச் சந்தைக்குக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்கக் கன்னத்தில் வைத்துக்காட்டினார். சனம் திரும்பவும் கடைக்குப் போனது. ஊரில் எல்லோரும் ரப்பரை உரித்து எறிந்தார்கள். ஒழுங்கைகள் வெள்ளையாகக் கிடந்தன. எங்கள் வீட்டு வெளிச்சம் மட்டும் கோடாகவே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை அதற்காகவே கேலி செய்தார்கள். அப்பாவில் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

நானா கடையைப் பூட்டவில்லை. குடும்பத்தையும் கூட்டிவரவில்லை. எல்லாம் அந்த ரோச் லைற்றால் வந்த மனக்கசப்பு என்றே நான் நம்பினேன்.

சில வருடங்கள் கழித்து, நான் பெரிய பிள்ளையான பிறகு, ஒரு பின்னேரம் வானத்தில் குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் கேட்டது. மறுநாள் நானாவின் கொட்டில் பூட்டியிருந்தது. பொழுது படமுன்னர் மாமி வேலியடிக்கு வந்து, ரோச் லைற்றின் முகத்தை மறைக்க ரியூப் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள்.

அப்பா மாட்டுக்கொட்டிலுக்குள் போய், ஆணியில் தொங்கிய ஒரு கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதில் ரப்பர் வளையங்கள் கோத்திருந்தன. எல்லாம் நானா விற்ற ரோச் லைற்றின் அளவுக்கு எப்போதோ வெட்டி வைத்தவை. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் போதும்.