டெலெகாடோ கூவினான், குஞ்சு வரவில்லை

என் அண்ணி நெய்சா எங்கள் ஊரான பாஸ்டோஸில் ஒரு பெரிய பண்ணையின் முட்டை பொறுக்கும் வேலையை உதறிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் காடை வளர்க்கத் தொடங்கினாள். முட்டைகளை வாங்குபவர் ஒரே ஒருவர், குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கும் ஒத்தாவியோ. ஒருநாள் அவர் முட்டை ஏற்றக் கூடை கொண்டுவராமல் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"பாதிக்கு மேல கருவே பிடிக்கல, நெய்சா. அடுத்த தடவையும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் போய்விட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் ஆண் காடையைக் குரலை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். உரக்கக் கூவுவதை வளர்ப்போம், வாயடைத்துக் கிடப்பதைப் பொரித்துத் தின்போம். அண்ணியின் கொட்டகையில் டெலெகாடோ என்ற கிழவன்தான் ராஜா. டெலெகாடோ என்றால் போலீஸ் அதிகாரி; அந்தப் பெயரை அவனுக்கு வைத்ததே அந்தக் குரலுக்காகத்தான். பேக்கரி வரை கேட்கும்.

"பெட்டைங்கதான் சரியில்ல. அவன் மேல சந்தேகப்படாத, உன்னயே கைது பண்ணிடுவான்," என்றான் என் அண்ணன் ஜில்சன்.

அண்ணி அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. டெலெகாடோவைப் பிடித்து மல்லாத்தி, வாலுக்கு அடியில் அமுக்கினாள். இளம் ஆணுக்கு அங்கே சிவந்த புடைப்பு இருக்கும். அமுக்கினால் அடித்த முட்டை வெள்ளை போல நுரை பொங்கும். இவனுக்கு அந்த இடம் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கியிருந்தது. சொட்டு நுரை இல்லை. மற்ற கூவல்காரர்களின் கதையும் அதேதான்.

"கத்தி எடு."

"டெலெகாடோவையா?"

"உள்ள என்னன்னு எனக்குத் தெரியணும், ஜில்சன்."

அறுத்துத் திறந்தாள். முதுகெலும்பை ஒட்டி இரண்டு விதைகள். இளசுகளுக்கு அவை வெள்ளை பீன்ஸ் போல உப்பி, வழவழவென்று இருக்கும். இவனுடையவை சுண்டி மஞ்சளித்து, விரலால் தொட்டால் இறுகலாக இருந்தன. வயதாக ஆக விந்து ஊறும் சதை குறைந்து அங்கே நார்ச்சதை ஏறிவிடும் என்று பண்ணையில் பேசிக்கொள்வார்கள். கண்ணால் பார்த்ததும் அண்ணிக்கு முகமே மாறிவிட்டது.

"கூவறது தொண்டைதான்டா. அது கிழடாகவே இல்ல," என்று சிரித்தாள்.

பொரித்துத் தின்பதற்காக ஒதுக்கிய கூண்டுக்குப் போனாள். சத்தமே போடாத இளசுகள். முதல் ஒன்றை அமுக்கியதும் நுரை அவள் கட்டைவிரல் மேல் வழிந்தது.

"இதப் பாரு. பொரிச்சு மரவள்ளி மாவோட தட்டுல வெச்சுத் தின்னிருப்போமே இத!"

அன்றே கிழடுகளை எல்லாம் வெளியேற்றி, ஊமைகளைப் பெட்டைகளோடு விட்டாள். கொட்டகை அமைதியாகிவிட்டது. பழகிய கூவல் கேட்காததால் அண்ணன் தூக்கம் வராமல் புரண்டான்.

அடுத்த முட்டைகள் பொரிப்பகத்துக்குப் போய்ச் சில நாளில் ஒத்தாவியோ வந்தார். கையில் கொண்டுவந்த முட்டை ஒன்றை எங்கள் காபித் தட்டில் உடைத்தார். மஞ்சள் கருவின் மேல் சிலந்தி வலை போல ரத்த நரம்புகள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

"கிட்டத்தட்ட எல்லாமே இப்படிக் கரு பிடிச்சிருக்கு," என்றார். "இருக்கற முட்டைய எல்லாம் வண்டில ஏத்து."

அண்ணி முட்டை ஏற்றுவதையே மறந்துவிட்டாள். தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வாசலுக்குப் போய், தெருவில் போனவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.