நாற்பத்தோராவது ஆணை

கமலினிக்குப் பதினொரு வருடமாக இதே பிழைப்பு. சட்டம் மாறும்போதெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாகப் படியேறி, முதலாளிகளின் மண்டையில் அதை ஏற்ற வேண்டும். திருவள்ளூரில் தொழிலாளர் சட்ட ஆலோசனை அலுவலகம் நடத்தும் வேங்கடேசனிடம் வேலை. அவர் நாற்காலியை விட்டு அசையமாட்டார். ஸ்கூட்டியில் வெயிலில் காய்பவள் இவள்தான்.

இந்த முறை, ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்தில் பணி நியமன ஆணை கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இரும்பு வார்க்கும் கம்பெனி வைத்திருக்கும் அன்புராஜ், நான்கு தடவை அவளைத் திருப்பி அனுப்பினார்.

"எல்லாம் நம்ம பசங்கம்மா. பத்து வருசமா கீறவனுக்கு இன்னாத்துக்கு லெட்டரு? சும்மா பேஜாரு பண்ணிக்கினு!"

ஐந்தாவது தடவை, அங்கே வேலை செய்யும் நாற்பது பேருக்கும் ஆணைகளைத் தானே அடித்துக் கொண்டுபோய் அவர் மேசையில் பொத்தென்று போட்டாள்.

"இன்ஸ்பெக்டர் வந்தா அவருகிட்டயும் 'நம்ம பசங்க'ன்னு சொல்வீங்களா சார்? கையெழுத்து வாங்காம நான் போகப்போறதில்ல."

முணுமுணுத்துக்கொண்டே நாற்பதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்புராஜ் பேனாவை எறிந்தார்.

"இம்மாம் பேசுறியே, உன் ஆபீஸ்ல உனக்குக் குடுத்துக்கிறாங்களாம்மா?"

கமலினிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை, தன் பெயருக்கும் ஒன்று அடித்து வேங்கடேசன் முன் வைத்தாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

"அன்புராஜும் நாலு தடவ இப்டித்தான் சார் சொன்னாரு. உங்ககிட்டயும் அஞ்சு தடவ நடக்க எனக்குத் தெம்பு இல்ல. போடுங்க கையெழுத்த."