பரிகாரம் சொல்லாத அக்கா

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆனி மாதம் நடந்தது இது. இடம், கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் காலை நேர பஸ். என் மனைவிக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. எனக்குக் கீரனூரில் ஹார்டுவேர் கடை. தினமும் அவளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத்தான் கடையைத் திறப்பேன்.

அந்த பஸ்ஸில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. எங்களைவிட மூத்தவர், கிறிஸ்தவர், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. புதுக்கோட்டையிலேயே ஏறிவிடுவதால் பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து என் மனைவிக்கு இடம் போட்டுக்கொண்டு வருவார். பஸ் நிற்பதற்குள் ஜன்னலில் அவர் கை தெரியும். அதைப் பார்த்ததும் என் மனைவி முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். வீட்டில் அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

அவள் அம்மா, அதாவது என் மாமியார், தவறியதிலிருந்து அவள் அப்படித்தான் இருந்தாள். சமைப்பாள், வேலைக்குப் போவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானோ சும்மா இருக்கிற ஆள் இல்லை. சாமி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஜோசியரைப் பார்த்தேன். ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கச் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தால் விதி, கர்மா என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் அந்த அம்மாவோடு தலையைச் சாய்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாள். பஸ் கிளம்பிப் போகும்வரை நான் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். தாலி கட்டியவனிடம் இல்லாத பேச்சு பஸ்ஸில் வருகிறவரிடம் என்ன? எனக்கிருந்தது பொறாமைதான். ஆனால் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று எனக்கு நானே வேறு பெயர் வைத்துக்கொண்டேன்.

அதற்குத் தோதாக ஒன்று நடந்தது. கறம்பக்குடிப் பக்கம் எங்கள் குலதெய்வம் ஐயனார் கோயிலில் படையல் போட்டோம். பலாப்பழக் காலம். பூசாரி எல்லோர் கையிலும் ஆளுக்கு ஒரு சுளை கொடுத்தார். என் மனைவி அதை வாயில் வைக்கவில்லை. சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போய் வெளியே நின்ற ஆட்டுக்குப் போட்டுவிட்டாள். சாமி பிரசாதத்தை ஒருவர் சாப்பிடாவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் அக்கா பார்த்துவிட்டது.

"டேய் தம்பி, ஒம் பொண்டாட்டிய வேதத்துல சேத்துட்டாளுகடா. நீ இங்கிட்டு மணி ஆட்டிக்கிட்டு நில்லு" என்றது. வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலை அவளை பஸ் ஸ்டாண்டில் விட்டதும், வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க்கை மாட்டி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். கையும் களவுமாகப் பிடித்து, அந்த அம்மாவை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியாண்ணே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டி டிக்கெட் வாங்கினேன்.

நல்ல கூட்டம். மாத்தூரில் கொஞ்சம் பேர் இறங்க, என் மனைவியும் அந்த அம்மாவும் இருந்த சீட்டுக்கு நேர் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது. இப்போது வசனம் வரும், ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் குரலே கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தது என் மனைவிதான்.

"பூசாரி சுளையக் கையில குடுத்துட்டாருக்கா. வாய்க்கிட்ட கொண்டுபோக முடியல. எங்கம்மா கடைசியாக் கேட்டதே அதுதான். 'ஒரே ஒரு சுளை குடு ஆத்தா'ன்னு கேட்டுச்சு. சுகர் ஏறிடும்னு கத்துனேன். தட்டோட புடுங்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். அது மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கிருச்சு. அந்த வாரமே போயிருச்சுக்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கதை எனக்குத் தெரியாது. மாமியார் படுத்திருந்த வீட்டுக்கு நானும்தான் போய் வந்தேன். அவளுக்குப் பக்கத்தில்தான் தினமும் தூங்குகிறேன்.

அந்த அம்மா, அவள் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "வீட்டுக்காரர்ட்ட சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அவருகிட்டயா? நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பரிகாரம் சொல்லிருவாரு. எனக்குப் பரிகாரம் வேணாங்க்கா. நான் சொல்றத யாராச்சும் கேட்டாப் போதும்."

"ஒனக்காக ஜெபம் பண்ணட்டுமா? இல்ல, சும்மா இருக்கட்டுமா?"

"சும்மா இருங்கக்கா."

சும்மாவே இருந்தார். என் மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஏர்போர்ட் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் அதற்குள் மூன்று கோயில் பெயர் சொல்லியிருப்பேன். மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் அந்த இடத்திலேயே கழன்று விழுந்துவிட்டது. ஆனால் பொறாமை போகவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. அந்தக் கை என் மடியில் அல்லவா இருந்திருக்க வேண்டும்!

திருச்சியில் இறங்கி என் மனைவி டவுன் பஸ்ஸுக்குப் போனதும் நான் அந்த அக்கா முன்னால் போய் நின்றேன். (அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவன் எப்போது அக்கா என்று மாறினேனோ தெரியவில்லை.) மாஸ்க்கை இறக்கியதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"என்ன தம்பி, தலையில துண்டு? காய்ச்சலா?"

கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்துபோய், "எங்க வீட்டுக்காரிகிட்ட ஒங்க சாமியப் பத்தி நீங்க பேசுனதே இல்லையா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "ஆசை இல்லாமயா தம்பி? எனக்குப் புடிச்சவங்களுக்கு நான் நம்புறதச் சொல்லணும்னு இருக்காதா? ஆனா அவ மனசுல இருக்க பாரமே இன்னும் எறங்கல. அதுக்கு மேல நான் வேற ஏத்தவா? அவளாக் கேட்டா அன்னைக்கிச் சொல்லுவேன். வாரேன் தம்பி, லேட்டானா கைரேகை மிஷின் ஒத்துக்காது."

போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிக் கடையைத் திறந்தேன். அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு விரதத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அவளே பயந்துபோய், "ஏங்க, கடையில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். முதலில் ஆபீஸ் கதைதான் சொன்னாள். மேனேஜர் மீசைக்குச் சாயம் பூசி வந்தது, கேன்டீன் சாம்பார். கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பலாச்சுளைக் கதையைச் சொன்னாள். நாக்கு நுனிவரை பரிகாரம் வந்தது. விழுங்கினேன். அவள் சொல்லி முடித்து, என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணும் சொல்லலையா?" என்றாள். இல்லை என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள்.

பின் சீட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டதையும் பிறகு சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "அந்தத் துண்டோடயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் இன்றும் எங்களோடு ஐயனார் கோயிலுக்கு வருகிறாள், அந்த அக்காவோடு கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுக்கும் போகிறாள். மனதில் இருப்பதை இப்போது என்னிடமும் சொல்கிறாள், ஆனால் முதலில் அந்த அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான். அது எனக்கு இன்னும் உறுத்தும். அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. அந்த அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், இவர் கும்பிடுகிற சாமி நல்ல சாமியாகத்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றுகிறது; என்னைப் பார்த்து என் ஐயனாரை யாராவது ஒருவர் அப்படி நினைத்திருப்பார்களா என்று யோசித்தால்தான் வயிறு எரிகிறது.